கழற்றி வைத்த ஒயர்

பல் டாக்டர் நாலாவது கியரில் வண்டியை நன்றாக ஓடவிட்டு, டாஷ்போர்டில் இருந்த சின்ன சுவிட்சை மேலே தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. கீழே இறக்கி மறுபடி தள்ளினார். இன்ஜின் அதுவரை எப்படிக் கத்தியதோ அப்படியே கத்திக்கொண்டிருந்தது. வண்டியை விற்க வந்திருந்த கார் பெயின்டர் பக்கத்து சீட்டிலிருந்து எட்டித் தானும் ஒரு முறை தட்டிப் பார்த்தார், கோளாறு டாக்டரின் விரலில்தான் என்பதுபோல.

"ஓவர்டிரைவ் இருக்குன்னு சொன்னீங்க," என்றார் டாக்டர்.

"இருக்கு சார். கொஞ்சம் சூடாகணும்."

"எனக்கு இப்பவே சூடாயிடுச்சு."

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இரண்டே சீட்டு, நாலே கியர். அந்த மாதிரி வண்டிகளில் சிலவற்றுக்கு மட்டும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் என்று இன்னொரு சின்னப் பெட்டியை வைத்து அனுப்பியிருந்தார்கள். நீண்ட சாலையில் சுவிட்சைத் தட்டினால் வண்டியின் வேகம் குறையாமல் இன்ஜினின் ஓட்டம் மட்டும் தணியும், கத்துகிறவன் தோளில் யாரோ கை வைத்த மாதிரி. டாக்டரின் அம்மா தூரத்து ஊரில் படுக்கையில் இருந்தார். வாராவாரம் போய்ப் பார்க்க வேண்டும். ஓவர்டிரைவ் இல்லாத வண்டியைக் காட்டவே வேண்டாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். "என் தங்கச்சி வீட்டு வண்டி சார். இருக்கு. என் வாயால சொல்றேன்," என்று பெயின்டரும் சொல்லியிருந்தார்.

ஷெட்டில் வண்டியை நிறுத்தி சாவியைக் கையில் கொடுத்தபோது டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தப்பா எடுத்துக்காதீங்க. கட்டின பல்லு மாதிரி இருக்கு. பார்க்க ரொம்ப அழகு, கடிக்கத்தான் முடியல. நாளைக்குக் காலையில வர்றேன். இருக்குன்னு காட்டுங்க, எடுத்துக்கறேன்." வாசல் வரை போனவர் திரும்பி, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து இதையும் சொன்னார்: "உங்க மேல குத்தம் இல்ல. சொந்தக்காரங்க சொன்னா நாம எதையும் சரிபார்க்கறதில்ல, பாருங்க."

அந்த வார்த்தை பெயின்டரின் காதில் கொதிக்கிற எண்ணெய் மாதிரி இறங்கியது. காலருகே இருந்த, பெயின்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவை ஓர் உதை விட்டார். மூடி சரியாக மூடாத டப்பா. செருப்பு, கால்சட்டை, காய வைத்திருந்த, பெயின்ட் படாமல் ஒட்டும் மறைப்புக் காகிதம் எல்லாம் நனைந்தன. யார் மேல் கோபப்படுவது என்று அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை மேல்தான்.

தங்கையின் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். மகள் வளர்ந்து, இரண்டு சீட்டில் மூன்று பேர் இடித்துக்கொண்டு போக முடியாமல், "வித்துக் கொடுங்க மச்சான்" என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பெயின்டர் அதைத் தேய்த்து, கரும்பச்சை அடித்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்க வைத்திருந்தார். தன் சொந்தக் காசில் வாங்கிய பெயின்ட். அதை நினைத்ததும் இன்னொரு டப்பாவைத் தேடினார். அகப்படவில்லை.

பானெட்டைத் திறந்தார். வண்டி எந்த வகை, எந்த கியர்பாக்ஸ் என்று அச்சடித்த ஒரு சின்னத் தகடு அங்கே உண்டு. ஆனால் என்றைக்கோ ஒரு மகானுபாவன் அந்தத் தகட்டைக் கழற்றாமலே அதன் மேல் மூன்று பூச்சு பெயின்ட் அடித்திருந்தான். கத்தி முனையால் சுரண்டினால் பெயின்டோடு எழுத்தும் பெயர்ந்து வந்தது. "நம்ம ஜாதிக்காரன் வேலை," என்று தன் தொழிலையே திட்டினார். அடுத்து ஸ்பீடோமீட்டர். ஓவர்டிரைவ் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் அதன் முகத்தில் பொறித்த சின்ன எண் வேறாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். அது வேறு ஏதோ வண்டியின் மீட்டர். முள்கூட வேறு நிறம்.

தகடு ஊமை, மீட்டர் வேறு வீட்டுப் பிள்ளை. மிச்சம் அந்த சுவிட்ச். அதுவோ பொய் சொல்கிறது. அடியில் போய்ப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. ஆனால் அடியில் போக வண்டியைத் தூக்க வேண்டும், படுக்க வேண்டும், சட்டை கெட வேண்டும். போன் செய்வது சுலபம். கோபம் எப்போதும் சுலபமானதைத்தான் முதலில் செய்யச் சொல்லும்.

"என்ன மாப்பிள்ளை, வியாபாரம் எப்படி? கண்ணு தெரியாதவங்களைத்தான் ஏமாத்துவீங்களா, தெரிஞ்சவங்களையுமா?"

"மச்சானா? என்ன ஆச்சு மச்சான்?"

"ஓவர்டிரைவ் எங்க?"

"இருக்கு மச்சான். வண்டியிலதான் இருக்கு."

"சுவிட்ச் இருக்கு. சுவிட்சு கடையில கிடைக்குது, நானும் ஒண்ணு வாங்கி நெத்தியில ஒட்டிக்கலாம். பெட்டி எங்க?"

பின்னால் தங்கையின் குரல் கேட்டது: "யாருங்க, அண்ணனா?" மாப்பிள்ளையின் குரல் தணிந்தது.

"அடியில பாருங்க மச்சான். அன்னைக்கே சொன்னேனே. விக்கறதுக்கு முன்னாடி அடியில ஒரு தடவை பாத்துடுங்கன்னு."

சொன்னது உண்மைதான். வண்டியைக் கொண்டுவந்து விட்ட அன்று தங்கை சாவியோடு பக்கத்தில் நின்றிருந்தாள், மாப்பிள்ளை அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "சரி சரி" என்று பெயின்டர் தலையாட்டினார். அதற்குப் பிறகும் மாப்பிள்ளையின் போன் வந்தது. ஸ்பிரே கன் கையில் இருந்ததால் எடுக்கவில்லை. இதெல்லாம் இப்போது ஞாபகம் வந்தது, வந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"எதுக்கு? பெட்டி இல்லன்னு நானே கண்டுபிடிச்சு, நானே அழுதுட்டு, நானே கண்ணைத் தொடச்சுக்கவா?"

"அப்படி இல்ல மச்சான். இப்ப பேச முடியாது. கடையில..."

"ஏன், இருந்த பொய்யெல்லாம் வித்துத் தீந்துடுச்சா?"

தங்கை போனைப் பிடுங்கிவிட்டாள். "அண்ணா, எதுக்கு இப்படிக் கத்தற? கடையில நிக்கறவங்களுக்கெல்லாம் கேக்குது."

"கேக்கட்டும். நீ குறுக்க வராதே உடைசல். உன் புருஷன் ஒரு திருடன். என் வாயால ஒரு பெரிய மனுஷன்கிட்ட பொய் சொல்ல வச்சுட்டான். இனிமே உங்க வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். நல்லது கெட்டது எதுக்கும் கூப்பிடாதீங்க."

உடைசல் என்பது அவள் பெயரல்ல. சின்ன வயதில் தம்ளர், பொம்மை, ஜன்னல் கண்ணாடி என்று கைபட்டதெல்லாம் உடைந்ததால் அண்ணன் வைத்த பெயர். வீடு முழுக்க அதையே கூப்பிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அண்ணனின் காரை எடுத்து, கேட் தூணில் கதவை உரசிவிட்டாள். அந்தக் கதவை அவர் ஒரே நாளில் புதுசு மாதிரி ஆக்கிவிட்டார். ஆனால் அந்தக் கதையை மட்டும் சரிசெய்யாமல் வைத்துக்கொண்டு வருகிற போகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டினார். சிரிக்காதவர்கள் இல்லை. அதன் பிறகு வருஷக்கணக்கில் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இந்தப் பழைய வண்டி வந்த பிறகுதான் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளை மறுபடி ஓட்ட வைத்தார்.

அன்று மத்தியானமே அவள் ஷெட்டுக்கு வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த வேகத்தில் முகம் சிவந்திருந்தது. அண்ணன் இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்காரவில்லை.

"அடியில பாத்தியா?"

"என்னத்தைப் பாக்கறது?"

"அவர் பாக்கச் சொன்னாரில்ல, பாத்தியா இல்லையா?"

"குத்தம் இல்லாதவன் வாயைத் திறந்து பதில் சொல்லுவான். 'இப்ப பேச முடியாது'ன்னா என்ன அர்த்தம்?"

"அர்த்தமா? நீ திருடன்னு சொன்னப்புறம் அவர் என்ன பண்ணார் தெரியுமா? ஒரு தாத்தா கண்ணாடியோட காது வளைஞ்சிருந்துது, அதை நிமித்திட்டு இருந்தார். நிமித்தினதையே மறுபடி வளைக்கறார். என்னங்க விஷயம்னு கேக்கறேன். ஒண்ணுமில்ல, மச்சான் பாத்துக்குவார்ங்கறார். மச்சான் பாத்துக்கற லட்சணம் இது! பெயின்டர்னா மேல மட்டும்தான் பாப்பியா?"

"வாயை அளந்து பேசு."

"நீ அளந்தியா? ஜாக்கியை எடு."

"இருக்கட்டும், இருக்குன்னே வச்சுக்கோ. இருந்தா என்ன பண்ணணும்?"

"கடைக்கு வரணும். ஆளுங்க நிக்கறப்போ, அவர் திருடன் இல்லன்னு சத்தமா சொல்லணும். திட்டினது சத்தமாத்தானே?"

"இல்லாம போனா?"

"இல்லாம போனா நீ என்ன என் வாசப்படியை மிதிக்காம இருக்கறது, நானே உன் முகத்துல முழிக்க மாட்டேன். திருடன் பொண்டாட்டிக்கு இங்க என்ன வேலை?"

அவள் குரல் அப்போதுதான் சற்று உடைந்தது. உடனே அதற்காகவும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜாக்கி போட்டார். இரும்பு முட்டுகளைத் தள்ளி, வண்டியை அவற்றின் மேல் இறக்கி, ஆட்டிப் பார்த்துவிட்டு, அட்டையை விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தார். அவள் தரையில் குந்தி விளக்கைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம். என் கண்ணுல அடிக்காதே."

"உன் கண்ணு எதையாவது பாக்குதான்னு பாத்தேன்."

மேலே கண்ணாடி மாதிரி மின்னிய வண்டியின் அடிவயிறு எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கன்னங்கரேலென்று இருந்தது. கியர்பாக்ஸைக் கண்டுபிடித்துப் பின்பக்கமாக விரலை ஓட்டினார். ஓவர்டிரைவ் இல்லாத கியர்பாக்ஸ், வால் மாதிரி மெலிந்துகொண்டே போய் முடியும். இது மெலியவில்லை. அவர் பட்டிக் கத்தியால் மண்ணைச் சுரண்டினார். கட்டி கட்டியாக முகத்தில் விழுந்தது. கியர்பாக்ஸ் முடிகிற இடத்தில் ஒரு இணைப்பு, அதற்குப் பின்னால் புடைத்துக்கொண்டு இன்னொரு பெட்டி. அடியில் வட்டமாக ஒரு மூடி. பக்கவாட்டில் மாத்திரை டப்பா அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் மின்சாரம் வந்து தட்டுவது அதைத்தான்.

இருக்கிறது. முழுசாக, கல் மாதிரி இருக்கிறது.

பெயின்டர் மூச்சை விட்டார். ஆனால் கோபம் அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்கிற விருந்தாளி அல்ல. இருந்துமா வேலை செய்யவில்லை? அப்படியானால் கெட்டுப்போனதைத் தலையில் கட்டியிருக்கிறான். ஒயரைத் தேடினார். மாத்திரை டப்பாவிலிருந்து வந்த ஒயர் ஒரு சாணோடு நின்றது. மேலேயிருந்து வந்த இன்னொன்று தனியே ஒதுங்கியிருந்தது. அறுந்து போகவில்லை. கழற்றி, முனையில் ஒரு துணியைச் சுற்றி, நூலால் இறுக்கமாகக் கட்டி, எதிலும் உரசாதபடி ஓரமாக மாட்டியிருந்தார்கள். நூலை அவிழ்த்தார். மெல்லிய, மஞ்சள் நிறத் துணி. ஓரத்தில் கத்தரித்த பல் பல்லான விளிம்பு. மாப்பிள்ளையின் கடையில் ஒவ்வொரு கண்ணாடியோடும் கொடுக்கிற துடைக்கும் துணி.

"திருட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். திருடன் எதற்காக இவ்வளவு பத்திரமாகக் கட்டி வைக்கிறான்?

மேலே தங்கை பேசிக்கொண்டே இருந்தாள். கோபத்தில் இருப்பவர்களுக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"வேலை செய்யலன்னு எப்படிச் சொல்றே? நான் ஓட்டக் கத்துக்கிட்டதே இந்த வண்டியிலதான். அந்த சுவிட்சை நான்தான் போடுவேன். போட்டா இன்ஜின் சத்தம் அப்படியே அடங்கிடும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

"எப்ப அணைப்பே?"

"எதை?"

"சுவிட்சை."

"எங்க அணைக்கறது? மறந்துடுவேன். அப்படியே வீட்டுக்கு வந்து, ரிவர்ஸ் எடுத்து உள்ள விடுவேன். முதல்ல அப்படி விடறப்போ அடியில 'டங்'னு ஒரு சத்தம் கேக்கும். அவர் முகம் வெளுத்துப் போயிடும். அப்புறம் அந்தச் சத்தம் நின்னுடுச்சு. 'நீ நல்லா ஓட்டக் கத்துக்கிட்டே'ன்னார். ஆனா அதுக்கப்புறம் சுவிட்சைப் போட்டா இன்ஜின் சத்தம் முன்ன மாதிரி அடங்கல. வண்டிக்கு வயசாயிடுச்சுன்னார். நான்தான் நல்லா ஓட்டறேனே, அது போதும்னு விட்டுட்டேன்."

பெயின்டரின் கை அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகக் கியர்பாக்ஸின் மேல்பக்கம் நுழைந்து தடவியது. ரிவர்ஸ் போட்டால் ஓவர்டிரைவுக்கு மின்சாரம் போகாமல் தடுக்க அங்கே ஒரு சின்னத் தடுப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதை வேலை செய்ய விடாமல், இரண்டு ஒயர்களை நேருக்கு நேர் முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். மேலே சுற்றியிருந்த டேப் பழசாகிக் கல்லாய் இறுகியிருந்தது. மாப்பிள்ளை வாங்குவதற்கு முன்னால் எந்தப் புண்ணியவானோ செய்த வேலை.

ஓவர்டிரைவ் ஓடும்போது ரிவர்ஸ் எடுத்தால் அந்தப் பெட்டியின் உள்ளிருக்கும் உருளைகள் நொறுங்கிவிடும். வண்டித் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மாப்பிள்ளைக்கும் எங்கோ கேட்டுத் தெரிந்திருக்கிறது. அவர் என்ன செய்திருக்க முடியும்? பழைய வயரிங்கில் கைவைக்கத் தெரியாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவன் காரணம் கேட்பான், அவளுக்கும் தெரிந்துவிடும். "உன்னால வண்டி உடையப் போகுது" என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்ன அன்றோடு அவள் ஓட்டுவதை நிறுத்தியிருப்பாள். அந்தப் பெயர் மறுபடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த மனிதர் யாருக்கும் தெரியாமல் அடியில் படுத்து, வெள்ளைச் சட்டையைக் கெடுத்துக்கொண்டு, தன் கடைத் துணியை எடுத்து ஒயரின் முனையைக் கட்டியிருக்கிறார். அவள் சந்தோஷமாக வேலை செய்யாத சுவிட்சைத் தட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். இன்று கடையில் ஆட்கள் நிற்க, திருடன் என்று கேட்டுக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் மனைவிக்காக வாயை மூடிக்கொண்டார்.

பெயின்டருக்கு இப்போது தன் மேலேயே வந்த கோபம் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைப் போட்டு உதைக்க டப்பா எதுவும் இல்லை. தலைக்கு மேல் முழு வண்டி இருந்தது, எழவும் முடியவில்லை.

ஆனாலும் பழகிய நாக்கு பழகிய இடத்துக்கே போகும். 'அடி உடைசல், நீதானா?' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. எவ்வளவு நல்ல கதை! கேட் தூண் கதைக்கு அப்பன். வாழ்நாள் முழுக்க நடித்துக் காட்டலாம். அந்த நேரத்தில் ஒரு மண்கட்டி உதிர்ந்து அவர் வாயிலேயே விழுந்தது. வேறு யாராவது தற்செயல் என்பார்கள். கடவுள் சில வேளை அவசரத்துக்கு மண்ணையும் பயன்படுத்துவார் என்றே நான் நினைக்கிறேன்.

அவர் துப்பினார். துப்பி முடித்தபோது வார்த்தையும் போயிருந்தது.

"என்ன ஆச்சு? இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஒயர் கழண்டிருக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! அவ்வளவுக்குத்தான் திருடனா?"

"ஆமா. உள்ள போய் சாவியைத் திருப்பு. இன்ஜின் வேண்டாம். சுவிட்சைப் போடு."

துணியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஒயரின் பித்தளை முனையை அதன் கூட்டில் வைத்து அழுத்தினார். மேலே சாவி திரும்பியது. அவர் காதுக்கருகில் அந்தப் பெட்டி 'டக்' என்றது. இத்தனை நாள் வாய் கட்டப்பட்டிருந்தவன் முதல் வார்த்தை சொன்ன மாதிரி.

கடைக்கு அவளே ஓட்டினாள். "நகரு, நான்தான் ஓட்டுவேன்," என்றாள். அவர் நகர்ந்தார். வழியில் டாக்டர் சொன்ன கட்டின பல் கதையைச் சொன்னார். பெரிய சாலையில் நாலாவது கியரில் சுவிட்சைத் தள்ளினாள். இன்ஜினின் கூச்சல் சட்டென்று தணிந்து, வண்டி அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"கட்டின பல்லுன்னானாமே உன் டாக்டர். வரச் சொல்லு, கடிச்சுக் காட்டறேன்."

அவள் கோபம் துளியும் இறங்கவில்லை. ஹாரனை அடித்த விதத்திலேயே தெரிந்தது. கண்ணாடிக் கடைக்கு எதிரே இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ஓர் இடம் இருந்தது. அதைத் தாண்டி நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸுக்குக் கையைக் கொண்டுபோனாள். சுவிட்ச் மேலேதான் இருந்தது.

பெயின்டர் தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து டாஷ்போர்டை ஒரு முறை துடைத்தார். துடைத்த கை போகிற போக்கில் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டது.

"இப்ப என்ன தொடைக்கறே?"

"தூசி."

தூசி இருந்தது, அதில் பொய் இல்லை. வண்டி சத்தமில்லாமல் பின்னால் போய், இடைவெளிக்குள் அழகாக நின்றது.

கடையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். வண்டியின் சத்தம் மாறியிருந்ததைக் கேட்டே எழுந்து வந்திருக்க வேண்டும். ஒரு கையில் யாருடையதோ மூக்குக் கண்ணாடி, முகம் வெளுத்திருந்தது. அவர் கண்கள் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்க்கவில்லை. சுவிட்சருகே இருந்த மச்சானின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

உள்ளே ஒரு பெரியவரும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். பெயின்டர் எண்ணெய்ச் சட்டையோடு நடுவில் போய் நின்றார்.

"இவர் திருடன் இல்ல. நான் பாக்காம பேசிட்டேன்."

"இன்னும் சத்தமா," என்றாள் தங்கை.

"இவர் திருடன் இல்ல! பாக்காம பேசினது நான்தான்!"

பெரியவர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கழற்றினார். "யாருப்பா திருடன்?"

"யாரும் இல்ல தாத்தா. நீங்க எழுத்தைப் படிங்க," என்றாள் தங்கை. அண்ணனைப் பார்த்து, "நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

பெயின்டர் மாப்பிள்ளையின் பக்கத்தில் போய்க் குரலைத் தணித்தார். "நாளைக்கு முதல் வேலையா எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு அந்த ரிவர்ஸ் தடுப்பைச் சரிபண்ணிட்டுத்தான் டாக்டர்கிட்ட கொடுப்பேன். அவர்கிட்ட வயரிங் பழசு, சரிபண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லுவேன்."

"அவகிட்ட..."

"சொல்லல."

மாப்பிள்ளை தலையசைத்தார். பெயின்டர் சட்டைப்பையிலிருந்து எண்ணெயில் ஊறிய மஞ்சள் துணியை எடுத்து, கவுண்டருக்கு அடியில் கையை நீட்டினார். மாப்பிள்ளை குனிந்து பார்க்காமலே அதை வாங்கி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"என் பேர்ல ஒரு புதுத் துணி கொடுங்க மாப்பிள்ளை," என்றார் பெயின்டர். "எனக்குத்தான் கண்ணு சரியில்ல."

பின்னறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "அண்ணன் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொல்லுங்க. நான் பேச மாட்டேன் அவன்கூட."